ஒரு கண்ணுக்கு இருபது ரூபாய்

டெலஸ்கோப் என்னுடையது இல்லை.
அந்தோணிதுரையுடையது.
நாளுக்கு முந்நூறு அவருக்கு,
மிச்சம் எனக்கு,
மேகம் ஏறிவிட்டால் ரெண்டு பேருக்கும் இல்லை.
கோக்கர்ஸ் வாக்கில் பதினோரு வருஷமாக ஒரே பாடம்:
அதோ வைகை அணை,
அந்த வெள்ளைக் கோடு பெரியகுளம் ரோடு,
மூட வேண்டியது அந்தக் கண்ணு சார், இது இல்ல.

மார்ச் மாதம் டிக்கெட் ஜன்னலுக்குப் பூட்டுப் போட்டார்கள்.
கருவியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து
நடந்தே வந்தேன்.
மூஞ்சிக்கல்லில் போலீஸ்காரர் மறித்தார்.
என்னய்யா அது, துப்பாக்கியா?
பொழப்பு சார், என்றேன்.
நல்லவேளை, சிரித்தார்.

ஆனந்தகிரியில் எங்கள் ஜன்னலுக்கு
எதிர்வீட்டுத் தகரம்தான் காட்சி.
எவன் காசு கொடுப்பான் அதற்கு?

ஏப்ரல், மே. எங்கள் வருஷமே அந்த இரண்டு மாதம்.
பள்ளிக்கூட ஃபீஸ், சீட்டுப் பணம், மழைக்கால அரிசி
எல்லாம் அதற்குள் அடக்கம்.
நிவாரணம் ஆயிரம் வந்தது.
வட்டிக்காரர் வாசலில் நின்றபடியே அதை எண்ணினார்.
ஏரிக்கரைக் காசிமாயன்
கொள்ளு வாங்கச் சேணத்தை விற்றான்,
பிறகு குதிரையையே அவிழ்த்துவிட்டான்,
மேஞ்சுக்க தாயி, என்று.
ராத்திரிகளில் ஏழு ரோட்டு நடுவில் நிற்கும் அது.
ஒருநாள் பக்கத்தில் ஒரு காட்டுமாடும் நின்றது.
இரண்டுக்கும் பாஸ் கேட்பாரில்லை.

சகாயராணி கல்யாணத்துக்கு முன்பிருந்தே
பூம்பாறைக்குப் பூண்டு வேலைக்குப் போகிறவள்.
ஜூனில் நானும் அந்த ஜீப்பில் ஏறினேன்.
கங்காணி என் விரல்களைப் புரட்டிப் பார்த்து
முக்கால் கூலி என்றான்.
அவளுக்கு முழுசு.
வீட்டில் இதை நாங்கள் பேசவில்லை,
ஆனால் அவள் அன்றைக்கு
எனக்கு முதலில் சோறு போட்டாள், வழக்கமில்லாமல்.

பூண்டுத் தோல் எங்கும் ஒட்டியது,
பாயில், மாஸ்க்கின் உள்பக்கம்,
பாடம் நடக்கிற செல்போனில்.
டாடி, உங்க மாஸ்க்குல ரசம் வாசம், என்றாள் சின்னவள்.

அந்த நாட்களில்தான் கீழே அவ்வளவு தெளிவாம்.
ராத்திரியில் மதுரை வெளிச்சம் தெரியுதுண்ணே,
வட்டக்கானல் பையன் சொன்னான்.
பதினோரு வருஷத்தில்
இருபது தரம்கூட நான் காட்டாத மதுரை.
சாக்குக்குள் கிடந்தது கண்.

செப்டம்பரில் திறந்தார்கள்.
ஒரு கண்ணுக்கு ஒரு தரம் சானிடைசர்.
துடைத்துத் துடைத்து ரப்பர் வளையம் வெடித்தது.
எத்தனை பேர் கண்ணு பட்டதோ, என்று
வந்தவர்களும் தள்ளி நின்று
செல்போனில் இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டார்கள்.

ஒரு புதன்கிழமை, முழு மேகம்,
கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் எதுவுமில்லை,
ஒரு பெண் வந்தாள்.
லாட்ஜில் ரூம் கூட்டுகிறவள், முகம் தெரியும்.
க.விலக்கு ஆஸ்பத்திரி தெரியுமாண்ணே, இதுல?
அவரை நூத்தியெட்டுல கொண்டுபோயி ஒன்பது நாளாச்சு.
போன் எடுக்க மாட்டேங்கறார்.
பாரும்மா, என்றேன்.
எனக்குப் பதினாலு நாள் முடிஞ்சு
மூணு நாள்தான் ஆச்சு, நான் கண்ணு வைக்கல.
நீங்களே பாத்துச் சொல்லுங்க.

வைத்தேன்.
வெள்ளை. உள்ளே எல்லாம் வெள்ளை.
திருகினேன், இன்னும் கொஞ்சம் பெரிய வெள்ளை.
என் கையின் பூண்டு வாசம் எனக்கே வந்தது.

தெரியுதும்மா, என்றேன்.
கட்டிடமா?
ஆமா.
மாடியில லைட்டு?
எரியுது.
எத்தனை எரியுது?
நான் எண்ணுவதுபோல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.
நாலு, என்றேன். இல்ல, அஞ்சு.

இருபது ரூபாயைச் சுவரில் வைத்து
மேலே ஒரு கல் வைத்துவிட்டுப் போனாள்.
எடுத்துக்கொண்டேன்.
பிறகு பாட்டிலைத் திறந்து,
என் கண் மட்டுமே பட்ட கண்ணாடியை
துடைத்தேன், இரண்டு தரம்.